கை வைத்த லோடு

18 ஜனவரி 2025, சனி

இன்று பத்து லோடு. இந்தூர் வண்டி ஒன்று கிழிந்த தார்ப்பாயோடு வந்து நின்றது. நம் கடையிலிருந்தே புதிதாக ஒன்று கட்டி அனுப்பினேன்.

மதியம் லோடு கேட்டு அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு ஸ்டார்ச் மில்லுக்குப் போனேன். டிஸ்பாட்ச் மேனேஜர் அருணகிரி. உள்ளே போனதும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வசந்தாமணி டிரான்ஸ்போர்ட் ஓனர் வரலீங்களா?"

"வந்து உக்காந்தாச்சுங்க. நாந்தான்."

எத்தனை வருடமாகத் தொழில் என்றார். லாரிக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்றதும் வாடகைக்கு விட்டதும் எட்டு, லோடுக்கு வண்டி பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸ் போட்டுப் பதினாலு, போனில் ஆப் வந்து இரண்டு என்றேன். சொந்த வண்டி எத்தனை? "ஒண்ணும் இல்லீங்க. அதனாலதான் எல்லார் வண்டியும் எனக்கு ஒண்ணு." அது அவருக்குப் பிடித்தது.

பேச்சு இதுதான். காலை ஒன்பது மணிக்கு அன்றைய லோடு லிஸ்டை நம் ஆப்பில் போடுவார்கள், தினம் நாற்பது, ஐம்பது வரை. பத்தரைக்குள் ஒவ்வொரு லோடுக்கும் வண்டி நம்பர் விழுந்திருக்க வேண்டும், கேட் பாஸ் போட. திங்கள் முதல் முப்பதாம் தேதி வரை, ஞாயிறு போக, பத்து நாள் சோதனை.

"மூணு நாள் தவறுச்சுன்னா வேற ஆபீஸுக்குப் போயிருவேன் மேடம். திட்ட மாட்டேன், லெட்டர் போட மாட்டேன். லிஸ்ட் வராது, அவ்வளவுதான்."

கிடைக்காவிட்டால் என்ன, இருக்கிறபடி இருந்துவிட்டுப் போகிறேன் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தேன். பொய். இப்போது லோடு தரும் தீவனப் பார்ட்டி இரண்டும் பெரிய ஆபீஸ் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. பதினைந்து லோடு பத்தாகிவிட்டது. இந்த மில் இல்லையென்றால் அடுத்த பொங்கலுக்கு நான் மறுபடி தார்ப்பாய்க்காரிதான்.

20 ஜனவரி, திங்கள்

முதல் நாள். பதினைந்து லோடுதான் போட்டார்கள், ஆழம் பார்க்கிறார்கள். 10.05க்கு எல்லாவற்றுக்கும் நம்பர் விழுந்தது.

டிரைவர் போனில் லோடைத் தொட்டால் அது அவனுக்கு. கை வைப்பது என்போம். பிறகு அவன் தன் ஓனரைக் கூப்பிட்டு வாடகை கட்டுபடியாகுமா என்று கேட்டு 'சம்மதம்' அல்லது 'வேண்டாம்' தட்டுவான். அதுவரை வேறு எவனும் அந்த லோடை எடுக்க முடியாது. எவ்வளவு நேரமானாலும். மற்ற ஆபீஸில் இந்த நியாயம் கிடையாது. ஒரே லோடுக்கு இரண்டு டிரைவர் என் வாசலில் அடித்துக்கொண்டு ஒருத்தன் நெற்றியில் மூன்று தையல் விழுந்த அன்றைக்கு நான் வைத்த சட்டம். வாசலுக்கு மேலே போர்டே இருக்கிறது: கை வைத்த லோடு கை மாறாது. ஆயிரத்துச் சொச்சம் வண்டி என்னிடம் வந்தது அந்த ஒரு வரியால்தான்.

21 ஜனவரி, செவ்வாய்

நாசம்.

நாற்பத்திரண்டு லோடு. ஒன்பதுக்கு லிஸ்ட் விழுந்தது, ஒன்பது எட்டுக்கு எல்லாம் நின்றது. எவன் போனைத் திறந்தாலும் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அருணகிரியின் கம்ப்யூட்டரிலும் வட்டம். லோடைப் பிடித்து வைத்திருந்தவன் 'சம்மதம்' தட்டினால் அதுவும் போகவில்லை. மாடியில் ஆப்பைப் பார்த்துக்கொள்ளும் நர்மதா, அது ஓடும் சர்வரை நிறுத்தி மறுபடி போட்டாள். ஓடியது. ஆனால் கை வைத்ததெல்லாம் அழிந்துபோய் டிரைவர்கள் கத்தல். மறுபடி நின்றது. பத்தரைக்குப் பத்தொன்பது லோடு நம்பர் இல்லாமல் கிடந்தது.

ஒரு தவறல்.

நர்மதா ராசிபுரத்துப் பெண். வீட்டில் தறி, இவள் மட்டும் கம்ப்யூட்டர். சென்னையில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு, கைக்குழந்தையோடு ஊர் திரும்பியவளை நான் பிடித்து வைத்தேன். ஆப் முழுக்க அவள் கையால் எழுதியது. மதியம் உட்கார வைத்துக் கேட்டேன்.

லோடு, வண்டி, டிரைவர் எல்லாக் கணக்கும் டேட்டாபேஸில் இருக்கிறது. அதற்கும் ஆப்புக்கும் நடுவே இருபது கனெக்ஷன் எப்போதும் திறந்தபடி இருக்கும். அதற்குப் பூல் என்று பேர். யார் எதைத் தட்டினாலும் அதில் ஒன்றை எடுத்து, கேட்டதைக் கேட்டுவிட்டு, திருப்பி வைத்துவிட வேண்டும். கண் இமைக்கிற நேரம். அப்படி வைத்தால் இருபதே ஆயிரம் பேருக்குப் போதும்.

"பின்ன ஏன் பத்தலை?"

"கை வெச்சவங்க திருப்பி வெக்கறதில்லீங்க்கா. லோடை வேற யாரும் தொடக்கூடாதுன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு அவர் எடுத்த கனெக்ஷனை அவர் பேர்லயே பிடிச்சு வெச்சிருக்கறேன். டிரைவர் ஓனர்கிட்டப் பேசி முடிக்கற வரைக்கும் அது பூலுக்கு வராது. முன்னாடி ஒரே நேரத்துல மூணு பேர், நாலு பேர். இன்னைக்கு இருபது பேரு ஒரே மூச்சுல கை வெச்சுட்டாங்க. 'சம்மதம்' தட்டினா, இவரு யாருன்னு பார்க்க இன்னொரு கனெக்ஷன் வேணும். அது இல்லை. பிடிச்சவங்களும் முடிக்க முடியலை, நிக்கறவங்களும் உள்ள வர முடியலை."

பிறகு மெதுவாக: "கை வெக்கறதுக்கு ஒரு நேரக்கணக்கு வெச்சுக்கலாமுங்களா அக்கா?"

போர்டைக் காட்டினேன். "அதைப் படி. அதுல நேரம் போட்டிருக்குதா?"

இருபது பத்தவில்லை என்றால் இருநூறு ஆக்கு என்றேன். மிஷின் தாங்காது என்றாள். ஆக்கு என்றேன்.

22 ஜனவரி, புதன்

இருநூறு. இன்று இருபத்தெட்டு லோடு. கொஞ்சம் திணறல், ஆனால் 10.21க்கு முடிந்தது. நர்மதாவைப் பார்த்து "ஆச்சா?" என்றேன். சிரிக்கவில்லை. இந்தக் காலத்துப் படித்த பிள்ளைகளுக்கு எதையும் சுலபமாகச் செய்யப் பிடிக்காது.

23 ஜனவரி, வியாழன்

எழுதவே கை வரவில்லை.

நாற்பத்து நாலு லோடு. 9.11. இந்த முறை வட்டம்கூடச் சுற்றவில்லை. டேட்டாபேஸே படுத்துவிட்டது. எழுப்ப முப்பத்தைந்து நிமிடம். இரண்டாவது தவறல்.

ஆபீஸ் நிறைய டிரைவர்கள். எல்லார் முன்னாலும் கத்தினேன் — சென்னையில் இதைத்தான் கற்றுக்கொண்டு வந்தாயா, ராசிபுரத்தில் தறியாவது ஒழுங்காக ஓடியிருக்கும் என்று. சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் முகம் மாறவில்லை. லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

"நாப்பத்திநாலு பேர் கை வெச்சிருக்காங்க. ஒரே லோடைக் கேட்டு அஞ்சாறு பேர் பின்னால நிக்கறாங்க. நிக்கறவங்களுக்கும் ஆளுக்கொரு கனெக்ஷன். இருநூறும் அப்படித்தான் போச்சு. ஒருத்தரும் வேலை செய்யலை. எல்லாரும் காத்துட்டிருக்காங்க. காத்திருக்கறதுக்கே மிஷினோட மெமரி தீர்ந்துபோச்சுங்க மேடம்."

மேடம்.

லாரி எடைமேடை ஒன்றே இருக்க, நிற்கிற வரிசையை மட்டும் அகலமாக்கின கதை. இப்போது புரிகிறது.

அருணகிரி கூப்பிட்டார். "ரெண்டு ஆச்சுங்க மேடம்." குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பயம்.

24 ஜனவரி, வெள்ளி

மில் லோடுக்கு ஆப் வேண்டாம் என்று முடிவு செய்தேன். போனில் போடுவது. ஆபீஸில் மூன்று போன். இரண்டு என்னிடம், ஒன்று நர்மதாவிடம். அவளுக்கு முன்னால் லிஸ்ட், பேனா. முப்பத்தாறு லோடு.

ஒன்பது மணிக்கு அடித்த மணி நிற்கவில்லை. மூன்றாவது ஆள் சின்னண்ணன், பரமத்தி வேலூர்க்காரர், முப்பது வருட டிரைவர்.

"அக்கா, நாக்பூர் லோடு எனக்கு. ஓனரைக் கேட்டுட்டு வாரேன், நீங்க அப்படியே லைன்லயே இருங்க."

"லைன்ல எதுக்குங்க நான் இருக்கோணும்? இன்னும் முப்பது பேர் மணி அடிச்சிட்டிருக்காங்க. பேரை எழுதிக்கறேன், வெச்சுருங்க. பத்து நிமிசத்துல கூப்பிட்டா உங்களுது, இல்லேன்னா அடுத்த ஆளுக்கு."

வைத்தார். அடுத்த போன். அதே பேச்சு. அடுத்தது. எட்டாவதோ ஒன்பதாவதோ ஆளிடம் நான் இதைக் கத்திக்கொண்டிருந்தபோது, நர்மதா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பார்க்கற? எழுது."

"எழுதறனுங்க மேடம். இதைத்தான் செவ்வாய்க்கிழமை கேட்டேன்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம் நான் எடுக்கவில்லை.

போன் லைனைப் பிடித்துக்கொண்டு நிற்க எவனையும் ஒரு நாளும் நான் விட்டதில்லை. போன் பொது, பேரை எழுதினால் போதும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவளிடம் கனெக்ஷனைப் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். போர்டில் எழுதியாகிவிட்டது என்பதற்காக.

10.27. முப்பத்தாறும் முடிந்தது. மூன்று நிமிடம் மிச்சம்.

மதியம் மாடிக்குப் போனேன். "நேரக்கணக்கு வெச்சுரு. பத்து நிமிசம்" என்றேன். "சரிங்க மேடம்" என்றாள்.

25 ஜனவரி, சனி

இன்றும் போன். 10.29. தொண்டை போய்விட்டது. நர்மதாவிடம் இருந்த போனையும் நானே எடுத்தேன். அவள் மாடியில் ஆப்பை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறாள்.

26 ஜனவரி, ஞாயிறு

லாரி ஸ்டாண்டில் சோதித்துப் பார்த்தோம். முப்பது டிரைவரை உட்கார வைத்து ஒரே நேரத்தில் தட்டச் சொன்னேன். சின்னண்ணன் இரண்டு போனில் தட்டினார். "ஒண்ணு சம்சாரம் போனு. அதுலயும் ஒரு லோடு பிடிச்சு வெச்சுக்குவேன். எதுக்கும் இருக்கட்டும்னு." ஒரு வண்டிக்கு எத்தனை லோடு பிடிப்பீர்கள் என்றேன். "மூணு பிடிச்சுட்டுப் பரோட்டா சாப்பிடப் போயிருவேனுங்க. கை மாறாதுன்னு போர்டு இருக்குதல்ல!" எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு வருடமாக இவர்கள் பரோட்டாவுக்கு நான் காவல் இருந்திருக்கிறேன்.

இப்போது கை வைத்தால், லோடுக்குப் பக்கத்தில் அவன் பேரும் நேரமும் டேட்டாபேஸில் பதிவாகும். அந்த நொடியே கனெக்ஷன் பூலுக்குத் திரும்பிவிடும். பத்து நிமிடம் அவன் பேரில் இருக்கும். பிறகு லோடு திறந்துவிடும். பின்னால் கேட்பவன் நிற்க வேண்டியதில்லை, 'வேறு ஆள் பேசிக்கொண்டிருக்கிறார்' என்று உடனே சொல்லிவிடும். பூல் மறுபடி இருபதாக ஆகிவிட்டது. எத்தனை கனெக்ஷன் வெளியே, எத்தனை உள்ளே என்று காட்ட எனக்கென்று ஒரு சின்னத் திரையும் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

பெயிண்டரைக் கூப்பிட்டேன். 'லோடு'க்கும் 'கை'க்கும் நடுவில் இடமில்லை என்றான். மேலே ஏற்றி எழுதச் சொன்னேன். கை வைத்த லோடு பத்து நிமிடம் கை மாறாது. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது.

27 ஜனவரி, திங்கள்

முப்பத்தொன்பது லோடு. 9.52.

ஒன்பது மணிக் கூட்டத்தில் பூலில் ஏழுக்கு மேல் வெளியே போகவே இல்லை. இருநூறு பத்தாத வேலைக்கு ஏழு.

ஒன்றுதான் இடித்தது. மாலை ஐந்து மணிக்கு எல்லாரும் போன பிறகும் திரையில் 'வெளியே 3' என்றே நின்றது. கேட்க நினைத்தேன். நாக்பூர் போன் வந்தது, மறந்துவிட்டேன்.

28 ஜனவரி, செவ்வாய்

9.58. ஆனால் சந்திரசேகர் அண்ணன் வந்து போனார்.

பதினொரு வண்டி அவருக்கு. என் ஆபீசுக்கு முதல் வண்டி கொடுத்தவர் அவர்தான். அந்த நாளில் பொம்பளை ஆபீசுக்கு எவனும் வண்டி விடமாட்டான். இன்று அவர் டிரைவர் அகமதாபாத் லோடில் கை வைத்துவிட்டு அவரைக் கூப்பிட, அவர் எடுக்கவில்லை. பத்து நிமிடம். லோடு வேறு ஆளுக்குப் போய்விட்டது.

"ஒம்பதுலிருந்து ஒம்பதே முக்கா வரைக்கும் நான் பூசையில இருப்பேன்னு உனக்குத் தெரியாதா அம்மணி?"

"தெரியுமுங்கண்ணா."

"தெரிஞ்சும் பிடுங்கிக் குடுத்துட்ட. அந்தப் போர்டைப் பார்த்துத்தான் பதினொரு வண்டியும் உன்கிட்ட விட்டேன். இப்ப என்னமோ நடுவுல சொருகி வெச்சிருக்கற."

பதில் இருந்தது. நாற்பது பேரை நிறுத்தி வைத்துவிட்டு ஒருத்தருக்குக் காவல் இருக்க முடியாது என்று. காபிதான் சொன்னேன். குடிக்காமல் எழுந்து போனார். சாயங்காலம் பதினொரு வண்டியும் ஆப்பிலிருந்து விலகிவிட்டது.

ஐந்து மணிக்குக் கனெக்ஷன் திரையில் 'வெளியே 11'. இன்று கேட்டிருக்க வேண்டும். மனசு சரியில்லை.

29 ஜனவரி, புதன்

9.20. வட்டம்.

இன்னும் ஒரு தவறல்தான் பாக்கி. படியேறினேன். நர்மதா வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பூலில் இருபதும் வெளியே. கை வைத்தவர் பட்டியலைப் பார்த்தால் ஒன்பது பேர்தான். "யாரும் பிடிச்சு வெக்கலை. எங்க போகுதுன்னே தெரியலீங்க" என்றாள்.

தார்ப்பாய் வாடகைக்கு விட்ட காலத்தில், இருட்டுவதற்குள் எண்ணிப் பார்ப்பேன். காலையில் பத்து போனால் மாலையில் பத்து வர வேண்டும். குறைந்தால் அன்றைக்கே தேடியாக வேண்டும், மறுநாள் விட்டால் கிடைக்காது.

"திங்கக்கெழமை சாயங்காலம் மூணு திரும்பலை. நேத்து பதினொண்ணு. எல்லாரும் போனதுக்கப்புறம் பார்த்தேன்."

நிமிர்ந்தாள். "அப்ப ஒரே நாள்ல நடக்கலை. ஒவ்வொண்ணாக் கசியுது." முதலில் சர்வரை நிறுத்திப் போட்டாள். வட்டம் நின்றது, டிரைவர்கள் உள்ளே வந்தார்கள். கை வைத்த பேரெல்லாம் இந்த முறை அழியவில்லை, டேட்டாபேஸில் எழுதி வைத்ததால். மணி 9.34.

"முதல்ல லோடு போகட்டும். அப்புறம் தேடு" என்றேன். கீழே வந்து திரையையே பார்த்தபடி உட்கார்ந்தேன். வெளியே 5. 4. 6. 5. பத்து மணிக்கு இன்னும் பதினேழு லோடு. பத்தே காலுக்கு ஆறு. 10.20க்கு இரண்டு. இந்தூர், கொல்கத்தா. இந்தூர் போனது. கொல்கத்தாவுக்கு ஒருத்தன் கை வைத்தான், வேண்டாம் என்றான். இன்னொருத்தன் வைத்தான். 10.26. போன் செய்து அவன் ஓனரை நானே பிடித்தேன். "வாடகை பத்தாதுங்க்கா." "அடுத்த தடவை பார்த்துக்கலாம் சாமி, இப்பத் தட்டச் சொல்லு." 10.29.

மதியம் நர்மதா கண்டுபிடித்துவிட்டாள். பத்து நிமிடம் கழிந்து, லோடு கை மாறின பிறகு, பழைய டிரைவர் தாமதமாக 'வேண்டாம்' தட்டினால், ஆப் 'உங்களுக்கு உரிமை இல்லை' என்று சொல்லிவிட்டுப் பாதியில் வெளியேறுகிறது. எடுத்த கனெக்ஷனைத் திருப்பி வைக்காமல். பத்து நிமிடச் சட்டத்தோடு புதிதாக வந்த ஓட்டை. எந்த வழியில் வெளியேறினாலும் முதலில் திருப்பி வைத்துவிட்டுப் போகும்படி மாற்றிவிட்டாள். இனி அரை நிமிடத்துக்கு மேல் எந்தக் கனெக்ஷனாவது வெளியே நின்றால், எந்த வேலை எடுத்தது என்று திரையே பேர் சொல்லிக் கத்தும்.

"என் தப்புங்க மேடம்" என்றாள்.

"வியாழக்கிழமை நான் பேசினது என் தப்பு" என்றேன். எப்படியோ வந்துவிட்டது. அவள் திரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். சாப்பிட்டாயா சாமி என்று கேட்டேன். இல்லை என்றாள். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மாலை ஐந்து மணி. வெளியே 0. உள்ளே 20. இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைத்தேன்.

30 ஜனவரி, வியாழன்

பத்தாவது நாள். நாற்பத்தொன்று. 9.49. அருணகிரி கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

31 ஜனவரி, வெள்ளி

எட்டரைக்கே ஆபீசுக்கு வந்துவிட்டேன். சோதனை நேற்றோடு முடிந்தது. லெட்டர் இல்லை, போன் இல்லை. திட்டவும் மாட்டேன் என்று சொன்ன மனுசன், பாராட்டவும் மாட்டார்தானே. ஒன்பதாக நாலு நிமிடம். மூன்று. புதுப் பெயிண்ட் அடித்த அந்தப் போர்டைப் பார்த்தேன், போனைப் பார்த்தேன்.

ஒன்பது. ஒன்றும் இல்லை.

ஒன்பது ஒன்று. லிஸ்ட் விழுந்தது. நாற்பத்தாறு.

நர்மதா மாடிப்படியில் பாதி இறங்கி நின்று எட்டிப் பார்த்தாள். "வந்திருச்சுங்களா?"

"வந்திருச்சு."

"டீ சொல்லட்டுங்களா அக்கா?"

சொல்லு என்றேன். தொண்டை இன்னும் சரியாகவில்லை.

பெயர்கள் விழ ஆரம்பித்தன. ஏழாவது வரியில் எனக்குத் தெரிந்த வண்டி நம்பர் ஒன்று. சந்திரசேகர் அண்ணனுடையது. பதினொன்றில் ஒன்று மட்டும். மற்ற பத்தும் வேறு ஆபீஸில்தான் நிற்கிறது. கை வைத்தது 9.03. சம்மதம் 9.05.

பூசை நேரம்.